அடையாளச் சொல்

மார்ச் 4, செவ்வாய்

வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இன்று ஒரு பெட்டி முளைத்திருக்கிறது. கால்குலேட்டர் மாதிரி எண்கள், மேலே ஒரு சின்ன விளக்கு. கூடத்து மூலையில் உயரமாக இன்னொன்று. ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிற கண்ணாம் அது. பின்கதவில், திறந்தால் காட்டிக்கொடுக்கிற காந்தம். மாப்பிள்ளை காலையிலிருந்து ஏணியில் நின்று தானே எல்லாவற்றையும் பொருத்தினார். கீழே நின்று பாப்பா அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகித் தனி வீடு போன பிறகும் எங்களுக்கு அவள் பாப்பாதான்.

எல்லாம் எனக்காக. என் வீட்டுக்காரர் பல்பு மாட்டுகிறேன் பேர்வழி என்று முக்காலி மேல் ஏறி விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். எதிர் வரிசையில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்திருக்கிறார்கள். நான் தனியாக இருக்கிறேன். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு பாப்பா சொன்னாள்: ஒன்று அலாரம், இல்லையென்றால் நான் அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அலாரமே இருக்கட்டும் என்றேன்.

நான் அங்கே போய்விட்டால் இவரும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கேதான் போவார். எங்களுக்கென்று ஓர் அறையை ஒழித்தே வைத்திருக்கிறாள். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும். இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்தால் பஸ் திரும்புகிற முனை தெரியும். வாழ்க்கை முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு டிரைவரும் வண்டியைத் திருப்புகிற அழகைப் பார்த்துத் திட்டினால்தான் இவருக்குச் சாப்பாடு இறங்கும். இவர் திரும்பி வருவது இந்த வீட்டுக்குத்தான். அதற்கு நான் இந்தப் பெட்டியைக் கட்டி மேய்க்க வேண்டும். மேய்ப்பேன்.

மார்ச் 5, புதன்

பொத்தான் பாடம். மாப்பிள்ளைக்குப் பொறுமை அதிகம். பாப்பாவைக் கட்டிக்கொண்டவர் அல்லவா. ஒரு பொத்தானில் 'வெளியே' என்றும் இன்னொன்றில் 'வீட்டில்' என்றும் சீட்டு ஒட்டியிருக்கிறார். ரகசிய எண், இவர் ஓட்டிய பஸ்ஸின் எண். அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அலாரம் தவறிப்போய் அடித்தால் கண்காணிப்பு நிலையத்திலிருந்து போன் வருமாம். அடையாளச் சொல் கேட்பார்களாம். சரியாகச் சொன்னால், வீட்டு ஆள்தான் என்று விட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் காவல் வண்டி வந்துவிடும்.

“எந்தச் சொல்லு மாப்பிள்ளை?”

“நீங்க மறக்கவே முடியாததா இருக்கணும்னு மாமா பேரையே வெச்சுட்டேன் அத்தை.”

நல்லது என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 7, வெள்ளி

மானம் போயிற்று.

'வெளியே' என்றால் திருடனை வெளியே நிறுத்துகிற பொத்தான் என்று நினைத்துவிட்டேன். தனியாக இருக்கிறவளுக்கு வேறு எது வேண்டும்? அதை அழுத்திவிட்டு, துவைத்த துணியை அள்ளிக்கொண்டு கூடத்தைத் தாண்டினேன். வீடே அலற ஆரம்பித்தது. மாப்பிள்ளை படித்துப் படித்துச் சொன்னது அப்புறம்தான் உறைத்தது. 'வெளியே' என்றால் நாங்கள் வெளியே போகிறோம், உள்ளே யார் அசைந்தாலும் திருடன் என்று அர்த்தம். 'வீட்டில்' என்றால் கதவுகளை மட்டும் பார்த்துக்கொள், எங்களை விட்டுவிடு. கண்ணாடியை எங்கே வைத்தேனோ தெரியவில்லை. எண்களை மாற்றி மாற்றிக் குத்தினேன். பெட்டி மசியவில்லை. போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

“கண்காணிப்பு நிலையத்துலேர்ந்து பேசறோம்மா. வீட்ல எல்லாம் சரியா இருக்கா?”

“எல்லாம் சரியா இருக்கும்மா. நான்தான் தப்பா அமுக்கிட்டேன்.”

“பரவால்லம்மா. அடையாளச் சொல் மட்டும் சொல்லிடுங்க.”

“அது… எங்க வீட்டுக்காரர்.”

“வீட்டுக்காரர் பேருங்களா? சொல்லுங்கம்மா.”

“உங்களுக்குத்தான் தெரியுமே. அங்க எழுதியிருக்குமே.”

“எனக்குத் தெரியும்மா. உங்களுக்குத் தெரியுதான்னுதான் நான் பாக்கணும்.”

நியாயம்தான். வாயைத் திறந்தேன். நுனி நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. வரவே இல்லை!

காவல் வண்டியில் வந்தவர் பட்டப்பகலில் டார்ச் அடித்துக் குளியலறை முதற்கொண்டு பார்த்தார். கட்டிலுக்கு அடியில் இவருடைய பழைய செருப்பு ஒன்றைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. போகும்போது, “கதவை நல்லா பூட்டிக்கோங்கம்மா” என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 8, சனி

நாள் முழுக்க ஊரார் பெயரைக் கூவுவதுதான் என் பிழைப்பு. பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எத்தனை பெயர்களைக் கூப்பிட்டிருப்பேன்! வாயில் நுழையாத பெயரெல்லாம் நுழைந்திருக்கிறது.

இன்று பல் பிடுங்க வந்த ஒருவருக்கு இவர் பெயரேதான். “நீலச் சட்டை சார், உள்ள போங்க” என்றேன். இரண்டு நீலச் சட்டைகள் எழுந்தன. பல் சுத்தம் செய்துகொள்ள வந்தவர் முந்திக்கொண்டு உள்ளே போய், நாற்காலியில் சாய்ந்து, வாயையும் திறந்துவிட்டார். நல்லவேளை, பல் டாக்டரம்மா ஊசியை எடுத்துவிட்டு ஒரு தடவை சீட்டைப் பார்த்தார். வெளியே வந்து, “பேர் சொல்லிக் கூப்பிடத்தானே உங்களை வெச்சிருக்கேன்?” என்றார். காது மடல் சூடாகிவிட்டது.

ஏன் வரமாட்டேன் என்கிறது? பயமா? இவருக்கா? வாய்க்கு வந்தபடியெல்லாம் இவரை ஏசியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் வெட்கம். பிறகு பழக்கம். அப்புறம் பெயர் சொல்லாமலேயே எல்லாம் நடந்துவிட்டது. 'என்னங்க' என்றால் திரும்புவார். எவ்வளவு கூட்டத்திலும் என் 'என்னங்க'வுக்கு மட்டும்தான் திரும்புவார். பாப்பா தன் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், கோபம் வந்தால் 'டேய்' கூட உண்டு. அவளிடம் போய் இதை எப்படி விளக்குவது?

மார்ச் 11, செவ்வாய்

மறுபடியும்.

இந்தத் தடவை பொத்தான் சரிதான். வேலைக்குப் போகும்போது 'வெளியே', ஒழுங்காக அழுத்தினேன். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் பை. கதவைத் திறந்ததும் பெட்டி பீப் பீப் என்று அவசரப்படுத்துகிறது. கண்ணாடி பைக்கு அடியில், வெங்காயத்துக்கும் கீழே. அலறிவிட்டது.

அதே பெண். “அம்மா, இன்னிக்காவது சொல்லிடுங்கம்மா.”

“முதல் எழுத்து மட்டும் சொல்லட்டுமா?”

“முழுசா சொல்லணும்மா.” பிறகு ரொம்ப மெதுவாக, “மறந்துடுச்சாம்மா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அந்த நேரத்துக்கு அதுதான் சுலபமாக இருந்தது.

மார்ச் 12, புதன்

பாப்பா பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். வேலை நாளில் வருகிறவளே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, நேற்று என்ன சமைத்தேன் என்று கேட்டாள். இன்று என்ன கிழமை என்று கேட்டாள். ஏதோ விளையாட்டு என்று நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அம்மா… அப்பா பேர் ஞாபகம் இருக்கா?”

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெண் இவளுக்குப் போன் செய்திருக்கிறாள். நல்ல மனசுதான், உங்கள் அம்மாவைக் கொஞ்சம் கவனியுங்கள் என்றாளாம்.

சிரித்து, உண்மையைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பாப்பா அதற்குள், “நீ இனிமே தனியா இருக்க வேணாம். அப்பாவையும் நேரா அங்கயே கூட்டிட்டு வந்துடலாம். நான் பாத்துக்கறேன்” என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு, உன் வீட்ல வந்து மொடங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா — என்னென்னவோ பேசினேன். அவள் அழுதுகொண்டே பழத்தையெல்லாம் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவு கத்திவிட்டு, பின்னாலேயே ஓடி, 'வெட்கம்டி, அவ்வளவுதான்' என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 15, சனி

ஞாபகசக்தி டாக்டர். பாப்பாவின் மனசு ஆறட்டும் என்று போனேன்.

தேதி கேட்டார், சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அவர் சரிபார்ப்பதற்குள் நான் இரண்டு வரைக்கும் இறங்கிவிட்டேன். கடிகாரம் வரையச் சொன்னார், முள்ளெல்லாம் போட்டு வரைந்தேன். பாப்பாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

“உங்க கணவர் பேர் என்னம்மா?”

“எழுதிக் காட்டட்டுமா?”

“சொல்லுங்கம்மா. பேச்சு எப்படி இருக்குன்னுதான் பாக்கறோம்.”

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஆம்பிளை எதிரில்! டாக்டர் என்னவோ குறித்துக்கொண்டார். வீட்டில் யாராவது கூட இருப்பது நல்லது, இன்னொரு தடவை வரட்டும், பார்க்கலாம் என்றார். லிஃப்டில் பாப்பா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். குழந்தையைப் போல என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். ஒழித்து வைத்த அறைக்குக் கட்டிலும் வந்துவிட்டதாகச் சொன்னாள்.

நாளைக்கு இவரிடம் சொல்லப்போகிறாளாம்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

இவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார். திரும்பும் இடத்தில் வாயால் ஹாரன் வேறு. கட்டிலில் உட்கார்ந்ததும் பாப்பா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“அப்பா, கலங்காம கேளுங்க. அம்மாவுக்கு… உங்க பேரே மறந்துபோச்சுப்பா.”

இவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.

“மறக்கறதுக்கு, மொதல்ல ஒரு தடவையாவது சொல்லியிருக்கணும்ல!”

“என்னது? ஒரு தடவ கூடவா?”

“அவளையே கேட்டுப் பாரு.”

பாப்பா என்னைப் பார்த்த பார்வை! “இதுக்காகவாம்மா டாக்டர்கிட்ட வாய மூடிட்டு உக்காந்திருந்தே? நான் நாலு நாளா தூங்கலை, லூசும்மா!” அடித்தாள், கட்டிக்கொண்டாள், அழுதாள். நானும்தான். பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட மணியை அழுத்திவிட்டார்.

அவள் முகம் கழுவப் போனபோது இவர் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இங்க வந்ததுல ஒண்ணு நல்லா இருக்கு. அந்த நர்ஸ் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது. எங்கம்மா போயிட்டாங்க, அண்ணன் போயிட்டாரு. வெளிய போனா டிரைவர் சார். வீட்ல அப்பா, மாமா, என்னங்க. பேர்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு.”

“நான் கூப்பிடறது பத்தலையா?”

“பத்தாமலா இத்தனை வருஷம் ஓடிச்சு? சும்மா சொன்னேன்.”

குறையாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. காலை நீட்டுங்க, குளிருது என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அந்த நர்ஸ் மேல் எரிச்சல். பாவம், நல்ல பெண். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா?

மார்ச் 18, செவ்வாய்

ஆளில்லாத வீட்டில் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்றால் சிரிப்பு வருகிறது. அலாரப் பெட்டி முன்னால் நின்றேன். அதுவாவது முகம் பார்க்காது. முதல் எழுத்து வந்தது. மீதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

பாப்பா அடையாளச் சொல்லை மாற்றிவிட்டாள். இனி, வெண்டைக்காய்.

“மூளைக்கு நல்லதும்மா” என்று கண்ணடிக்கிறாள். மாப்பிள்ளை மட்டும், “மாமா பேரை வெச்சது என் தப்புதான் அத்தை” என்று மன்னிப்பே கேட்டுவிட்டார்.

இவரை இங்கே அழைத்து வரலாம் என்று ஒருவழியாகச் சம்மதித்தாள். ஆனால் நிபந்தனையுடன். “கொஞ்ச நாள் பாப்போம்மா. அலாரம் அடிச்சு, காவல் வண்டி வந்து, அப்பா பயந்து கீழ விழுந்தா என்ன ஆகறது? இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா ரெண்டு பேரும் மூட்டை கட்டிட வேண்டியதுதான். கட்டில் போட்டது போட்டபடி இருக்கும்.” அவள் சொல்வதும் சரிதானே. எலும்பு இன்னொரு தடவை தாங்காது.

வெண்டைக்காய். வெண்டைக்காய். சொல்ல எந்த வெட்கமும் இல்லை. ஆனாலும் என்னவோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 22, சனி

பாத்திரம் தேய்க்கும்போது வந்துவிட்டது. முழுதாக. குழாய்ச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மார்ச் 29, சனி

வந்துவிட்டார்! வாசற்படி ஏறியதும் பெட்டியைப் பார்த்து, “இதுதான் உன்னை மிரட்டினதா?” என்று அதை மேலும் கீழும் பார்த்தார். ஜன்னலோரம் நாற்காலி, முதுகுக்குத் தலையணை. உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் ஒரு பஸ் திரும்பியது. “கியர மாத்துடா, கியர மாத்து!” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

என் கையை வெட்டிப் போட வேண்டும்.

இன்றுதான் முதல்முறையாக அவரைத் தனியாக விட்டு அரை நாள் வேலைக்குக் கிளம்பினேன். தண்ணீர், மாத்திரை, போன் எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டு, பெட்டியில் 'வெளியே' அழுத்திவிட்டுப் போய்விட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் பழகிய விரல். வீட்டில் ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில்கூட நிற்கவில்லை, வீடு அலறிவிட்டது. ஜன்னலில் எனக்குக் கையாட்டிவிட்டு அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். ஓடினேன். விழுந்திருப்பாரு, விழுந்துட்டாரு, கடவுளே விழுந்திருக்கக் கூடாது — சாவி பூட்டில் நுழைய மாட்டேன் என்கிறது. உள்ளே போனால் கூடத்து நடுவில் வாக்கரை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறார். முகம் வெளுத்து, கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். போன் அடித்தது. இன்னொரு கையால் எடுத்தேன்.

“வீட்ல எல்லாம் சரியா இருக்காம்மா? அடையாளச் சொல் சொல்லுங்க.”

சொன்னேன்.

இவர் பெயரை. முழுசா. அலாரச் சத்தத்துக்கு மேலே, கத்தித்தான் சொன்னேன். அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வாயில் அவர்தான் வந்தார்.

“அது இல்லீங்களேம்மா.”

திரும்பவும் சொன்னேன்.

“அம்மா, அது பழைய சொல்லு. மாத்தியிருக்கீங்க.”

“நீங்க எத வேணா மாத்திக்கோங்க. இவரு பேர் இதுதான்!” என்று இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் உடம்பில் நடுக்கம் நின்றது எனக்குக் கையில் தெரிந்தது. அலாரம் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து என் கன்னத்தைத் தொட்டார். விழுந்துடுவீங்க, புடிச்சுக்கோங்க என்று திட்டினேன்.

காவல் வண்டிக்காரர் வந்தபோது இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். அவரே எங்களிடம் ரகசிய எண் கேட்டு அலாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. டார்ச்சை அணைத்துவிட்டு, “திருடன் யாரும்மா?” என்றார். இவர் என்னைக் கைகாட்டினார்.

உடனே பாப்பாவின் போன். என்னிடமிருந்து இவரே பிடுங்கிக்கொண்டார்.

“ஒண்ணும் ஆகலை பாப்பா. நல்லாத்தான் நிக்கறேன். அம்மா என் பேரைச் சொல்லிட்டா… ஆமா, தப்பான சொல்லுதான்… மூணு தடவ.”

அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள்.

“சத்தமா” என்றார் இவர்.

நிபந்தனை நிபந்தனைதான். நாளைக்கு வருகிறாளாம். மூட்டை கட்டச் சொன்னால் கட்டத்தான் வேண்டும், அலாரம் என் தப்பு.

ஏப்ரல் 4, வெள்ளி

பாப்பாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை பெட்டியைப் பிரித்து என்னவோ செய்தார். உள்ளே ஆள் இருக்கும்போது 'வெளியே' அழுத்தினால் இனி அது நம்மிடம் ஒரு தடவை கேட்குமாம். பாப்பா அப்பாவை எழுப்பி நடக்க வைத்துப் பார்த்தாள். மூட்டையைப் பற்றி அவளாகப் பேசட்டும் என்று காத்திருந்தேன். பேசவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“அந்தக் கட்டிலத் திருப்பி அனுப்பிட்டேம்மா. ரூம்ல இஸ்திரி மேசையப் போட்டாச்சு.”

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் காபி கலந்து வைத்துவிட்டுச் சமையலறையிலிருந்து இவரைக் கூப்பிட்டேன். 'என்னங்க' என்று இல்லை. பதில் இல்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். அதற்கும் இல்லை. பதறிப்போய் எட்டிப் பார்த்தால் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஒன்று திரும்பிப் போகிறது, அதைக்கூடத் திட்டவில்லை.

“கூப்பிட்டது காதுல விழலையா?”

“விழுந்துச்சு” என்றார், கண்ணைத் திறக்காமல். “பேசாம இருந்தா திரும்பக் கூப்பிடுவேல்ல.”